எவர்சில்வர் டம்ளரில் தொடங்கி மேசைப் பலகை வரை: வீட்டுப் பொருட்களைத் தொடு சுவிட்சாக்கும் வழி

ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு முதலை கிளிப், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் போர்டு. இந்த மூன்றும் கையில் இருந்தால், டம்ளரைத் தொட்டதும் விளக்கு எரிவதை இன்று மாலைக்குள் பார்த்துவிடலாம். அதே போர்டை வைத்து, மேசைக்கு அடியில் யார் கண்ணிலும் படாத சுவிட்ச் ஒன்றைப் பொருத்த ஒரு சனி ஞாயிறு பிடிக்கும். முதலாவது விளையாட்டு. இரண்டாவதில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது என்பதால், கட்டுரையின் பெரும்பகுதி அங்கேதான் போகும்.

எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. ஆர்டுயினோவில் ஒரு எல்இடியை மினுக்கிப் பார்த்திருந்தால் போதும். சால்டரிங் முதல் நாள் தேவைப்படாது.

விரல் வந்தால் என்ன மாறுகிறது

இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்சாரம் கடத்தாத ஏதோ ஒன்று. இதுதான் கெபாசிட்டர். நம் உடம்பு உப்பும் நீரும் நிறைந்தது. ஆகவே மின்சாரத்தின் கணக்கில் நாமும் ஒரு தகடுதான். டம்ளர் ஒரு தகடு, கை இன்னொரு தகடு. கை நெருங்க நெருங்க இரண்டுக்கும் இடையிலான கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், கூடிக்கொண்டே போகும்.

போர்டு இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? டம்ளரில் கொஞ்சம் மின்னூட்டத்தை ஏற்றி இறக்குகிறது. மறுபடி ஏற்றி இறக்குகிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை முறை ஏற்றி இறக்க முடிந்தது என்று எண்ணி, அந்த எண்ணை நம்மிடம் தருகிறது. கை பட்டால் நிரப்ப வேண்டிய அளவு கூடுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் அதிகம் பிடிக்கிறது, சுற்றுகளின் எண்ணிக்கை குறைகிறது. அதனால்தான் இஎஸ்பி32-இல் தொட்டால் எண் இறங்கும். புதிய எஸ்2, எஸ்3 வகைகளில் கணக்கு தலைகீழ்: இத்தனை சுற்று என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கிறது. அங்கே தொட்டால் எண் ஏறும். இணையத்தில் கிடைக்கும் நிரலை அப்படியே ஏற்றிவிட்டு, ‘வேலை செய்யவில்லையே’ என்று தலையைச் சொறிபவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான்.

கெபாசிட்டன்ஸின் அளவை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. எதிரெதிரே நிற்கும் பரப்பு கூடினால் அதுவும் கூடும். இடைவெளி கூடினால் குறையும். நடுவில் இருக்கும் பொருளைப் பொறுத்தும் மாறும்: காற்றுக்கு 1 என்றால் காய்ந்த மரத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 3, கண்ணாடிக்கு 7 வாக்கில், தண்ணீருக்கு 80.

இந்த மூன்றையும் வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 3 மி.மீ. கண்ணாடிக்கு அடியில் தகடு, மேலே 1 சதுர செ.மீ. விரல் நுனி: சுமார் 2 பிகோஃபாரட் (கெபாசிட்டன்ஸை அளக்கும் மிகச் சிறிய அலகு) கிடைக்கும். அதே விரல் 18 மி.மீ. பிளைவுட்டுக்கு மேல் என்றால் 0.12 பிகோஃபாரட்தான். ஆனால் அதே பிளைவுட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தால், பரப்பை 50 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 6 பிகோஃபாரட் வந்துவிடும். மேசைக்கு அடியில் விரல் நுனி அளவுத் தகட்டை ஒட்டினால் அது ஏன் பேசாது, உள்ளங்கை அளவுத் தகடு ஏன் பேசும் என்பதற்கு இந்தக் கணக்கே பதில். தகட்டின் அகலம் பலகையின் தடிமனைப் போல நான்கு மடங்காவது இருக்கட்டும் என்பது இத்துறையில் பலரும் கடைப்பிடிக்கும் தோராய விதி.

இந்த நுட்பம் ஒன்றும் நேற்றுப் பிறந்ததல்ல. கருவியைத் தொடாமலே கையை அசைத்து வாசிக்கும் தெரமின் இசைக்கருவி 1920 வாக்கில் ரஷ்யாவில் உருவானபோதே இதே தத்துவம்தான். விரலால் தொடும் திரை பற்றி இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் இருந்த ராயல் ரேடார் நிலையத்தின் ஈ. ஏ. ஜான்சன் எழுதியது 1965-இல்.

வாங்க வேண்டியவை

போர்டு வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: பழைய, சாதாரண இஎஸ்பி32 டெவ்கிட் வேண்டும். விலை குறைவாக, சின்னதாக இருக்கிறதே என்று இஎஸ்பி32-சி3 வாங்கிவிடாதீர்கள். அதில் தொடு உணரி கிடையாது. சென்னைவாசிகள் ரிச்சி தெருவில் ஒரு நடை போனால் எல்லாமே கிடைத்துவிடும். மற்றவர்களுக்கு ஆன்லைன்.

கூடவே முதலை கிளிப் ஒயர்கள் நான்கைந்து, பசையுள்ள தாமிர டேப் ஒரு சுருள், 470 ஓம் அல்லது 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் சில, ஒரு பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் ஒயர்களைச் செருகி இணைக்கும் பலகை), அதில் செருகும் ஜம்பர் ஒயர்கள். சமையலறையில் இருக்கும் அலுமினிய ஃபாயில். மலிவான மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம். எது கடத்துகிறது, எது கடத்துவது போல் மினுக்குகிறது என்று அதுதான் சொல்லும். சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாள் பலவற்றில் உலோகத்தின் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். மீட்டரின் முனையை வைத்தால் சத்தமே வராது.

யுஎஸ்பி கேபிள் தரவு செல்லும் கேபிளாக இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளை மாட்டிவிட்டு போர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டுவது இந்த உலகின் சடங்குகளில் ஒன்று.

முதல் வேலை: டம்ளர்

ஆர்டுயினோ ஐடிஇ-யில் போர்டு மேனேஜரைத் திறந்து இஎஸ்பி32 தொகுப்பை நிறுவுங்கள். பிறகு உதாரண நிரல்களுக்குள் போனால் இஎஸ்பி32, அதற்குள் டச், அதற்குள் டச்ரீட் என்று ஒன்று இருக்கும். நான்கைந்து வரிதான். அதில் எந்தப் பின் (போர்டின் ஓரத்தில் இருக்கும் இணைப்புக் கால்) குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, வேறாக இருந்தால் 4 என்று மாற்றி ஏற்றுங்கள்.

தொடுவதற்கென்று இஎஸ்பி32-இல் பத்துப் பின்கள் உண்டு. அவற்றில் 0, 2, 12, 15 ஆகிய நான்குக்கும் போர்டு விழித்தெழும் நேரத்தில் வேறு வேலை இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு 4, 13, 14, 27, 32, 33 என்ற ஆறோடு நிறுத்திக்கொண்டால் வம்பில்லை.

4-ஆம் பின்னிலிருந்து ஒரு ஜம்பர் ஒயர் பிரெட்போர்டுக்கு. அங்கிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனையில் கிளிப். கிளிப்பின் இன்னொரு வாய் டம்ளரின் விளிம்பில். அந்த ரெசிஸ்டர் இல்லாமலும் வேலை நடக்கும். ஆனால் நைலான் பாயில் காலைத் தேய்த்துக்கொண்டு வந்து யாராவது டம்ளரைத் தொட்டால், விரலிலிருந்து பாயும் நிலைமின்சாரம் நேரே சிப்புக்குள் போய்விடும். அந்தச் சின்ன ரெசிஸ்டர் அதைத் தணிக்கிறது. போட்டுவிடுங்கள்.

டம்ளரை மர மேசையிலோ ஒரு புத்தகத்தின் மேலோ வையுங்கள். ஈரமான கிரானைட் மேடை வேண்டாம். ஈரம் டம்ளரை மேடை முழுக்க நீட்டிவிடும். இப்போது ஐடிஇ-யில் சீரியல் மானிட்டரைத் திறந்தால், போர்டு அனுப்பும் எண்கள் ஓடும். உங்கள் எண் வேறாக இருக்கும். உதாரணத்துக்கு 48, 47, 48, 48 என்று வருகிறது என்று கொள்ளுங்கள். கையை ஒரு சாண் தூரத்தில் கொண்டுவாருங்கள்: 47, 46. ஒரு விரலால் தொடுங்கள்: 19. டம்ளரை முழுக்கப் பிடியுங்கள்: 9. விடுங்கள்: மறுபடி 48. இதே எண்களை சீரியல் பிளாட்டரில் கோடாகப் பார்ப்பது இன்னும் நல்லது. விரல் ஒன்றா இரண்டா, தட்டினீர்களா பிடித்தீர்களா என்பதெல்லாம் கோட்டின் வடிவத்திலேயே தெரியும். நிரல் எழுதும் அவசரத்தை அடக்கிக்கொண்டு இந்தக் கோட்டோடு பதினைந்து நிமிஷம் செலவழியுங்கள்.

அடுத்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு நீளமான ஸ்டீல் ஆணியை உள்ளே விட்டு, ஆணியின் தலையில் கிளிப்பை மாட்டிப் பாருங்கள். வெளியே கண்ணாடியைத் தொட்டாலும் எண் இறங்கும். இப்போது தகடாக நிற்பது தண்ணீர். பாதி தண்ணீர் இருக்கும்போது மேல் பாதியைத் தொட்டால் மந்தமாகவும், கீழ்ப் பாதியைத் தொட்டால் சட்டென்றும் பதில் வரும்.

துளசிச் செடியின் ஈர மண்ணில் அதே ஆணியைக் குத்தினால் இலையைத் தொடுவதும் தெரியும். ஆனால் தண்ணீர் ஊற்றியதும் எண் எல்லாம் இடம் மாறிவிடும். அடுத்த பகுதி அதைப் பற்றித்தான்.

எண்ணை எப்படி முடிவாக்குவது

புதிதாக வருபவர் எல்லோரும் செய்வது இது: தொடாதபோது 48, தொட்டால் 19, ஆகவே 30-க்குக் கீழே போனால் தொட்டாகிவிட்டது என்று நிரலில் எழுதிவிடுவது. அன்று மாலை அது அருமையாக வேலை செய்யும். மறுநாள் காலையில் விளக்கு தானாக எரிந்துகொண்டிருக்கும். ஒயரைச் சற்று நகர்த்தியிருப்பீர்கள், இரவில் மழை பெய்து காற்றில் ஈரம் ஏறியிருக்கும், லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றியிருப்பீர்கள். எதுவானாலும் அடிப்படை எண் நகர்ந்துவிடும். தொடுகை என்பது இந்த எண்ணோ அந்த எண்ணோ கிடையாது. சற்று முன் இருந்ததிலிருந்து சட்டென்று ஏற்படும் இறக்கம்தான் தொடுகை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் வழிக்கு வரும்.

நிரலின் எலும்புக்கூடு இப்படி இருக்கட்டும்:

அடிப்படை = போர்டு எழுந்ததும் எடுத்த 50 அளவீடுகளின் சராசரி
நிலை = தொடவில்லை

திரும்பத் திரும்ப:
— இப்போது = 20 மில்லி நொடிக்குள் பரவலாக எடுத்த 10 அளவீடுகளின் சராசரி
— இறக்கம் = (அடிப்படை − இப்போது) ÷ அடிப்படை
— நிலை ‘தொடவில்லை’, இறக்கம் தொடர்ந்து 3 முறை 20 சதவீதத்துக்கு மேல் → நிலை = தொட்டது
— நிலை ‘தொட்டது’, இறக்கம் 10 சதவீதத்துக்குக் கீழ் → நிலை = தொடவில்லை
— நிலை ‘தொடவில்லை’ என்றால் மட்டும்: அடிப்படை = அடிப்படை × 0.99 + இப்போது × 0.01
— நிலை 30 நொடிக்கு மேல் ‘தொட்டது’ என்றே இருந்தால் → அடிப்படை = இப்போது, நிலை = தொடவில்லை

ஏன் 20 மில்லி நொடி? நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஓர் அலைக்கு 20 மில்லி நொடி. சுவரில் ஓடும் ஒயர்களிலிருந்து டம்ளரில் வந்து விழும் ரீங்காரம் ஒரு முழு அலையின் சராசரியில் பெரும்பாலும் ரத்தாகிவிடும்.

ஏன் 20, 10 என்று இரண்டு எல்லை? ஒரே எல்லை வைத்தால், விரல் எல்லையை ஒட்டி நிற்கும்போது விளக்கு விட்டுவிட்டுத் துடிக்கும். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக இன்னொரு வாசல் என்று பிரித்துவிட்டால் அந்தத் துடிப்பு அடங்கிவிடும்.

அடிப்படையை ‘தொடவில்லை’ நிலையில் மட்டும் நகர்த்துவதும் முக்கியம். எப்போதும் நகர்த்தினால் விரலை வைத்துக்கொண்டே இருக்கும்போது அந்த விரலையே புது அடிப்படையாகப் பழகிக்கொள்ளும், எடுத்தபின் குழம்பும். கடைசி வரி எதற்கு என்றால், யாராவது தண்ணீர்ச் சொம்பை மேசையின் அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டால் சுவிட்ச் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்கு. எஸ்3 போர்டு வைத்திருப்பவர்கள் கழித்தலைத் திருப்பிப் போட்டு, ஏற்றத்தைக் கணக்கிடுங்கள்.

முதலில் 2-ஆம் பின்னில் போர்டிலேயே இருக்கும் எல்இடியை எரியவிட்டு சோதியுங்கள். பல டெவ்கிட்களில் அது அங்கேதான் இருக்கும்.

காகிதம், பென்சில்

பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும். 6பி போன்ற மென்மையான பென்சிலால் கெட்டியான தாளில் ஒரு கட்டத்தை அழுத்தி நிரப்பி, தாளின் ஓரம் வரை விரல் அகலத்துக்கு ஒரு பட்டை இழுத்து, அங்கே கிளிப்பை மாட்டினால் அதுவே பொத்தான். பட்டை ஒல்லியாகவோ நீளமாகவோ இருந்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறிப்போய் பதில் மங்கும். அட்டையில் ஆறு கட்டங்கள் போட்டு ஆறு பின்னுக்கும் கொடுத்தால் குழந்தைகளுக்கு ஒரு கீபோர்டு தயார். இஎஸ்பி32-ஐ ப்ளூடூத் கீபோர்டாகக் காட்டிக்கொள்ள வைக்கும் நிரல் நூலகங்கள் இருக்கின்றன. கைபேசியில் உள்ள பியானோ செயலியை அதைக் கொண்டு வாசிக்கலாம். அரை மணி நேர வேலை, அரை மணி நேர சந்தோஷம். இதற்கு மேல் இதில் நின்றுவிட வேண்டாம்.

மேசைக்கு அடியில்

முதலில் மேசையை விசாரியுங்கள். பிளைவுட்டின் மேல் சன்மைக்கா ஒட்டியது நல்லது. கண்ணாடி மேசை அதைவிட நல்லது, ஆனால் ஒட்டியது கீழிருந்து தெரியும். மார்பிளும் கிரானைட்டும் பெரும்பாலும் ஒத்துழைக்கும். மேல்பரப்பே உலோகம் என்றால் இந்த வேலையை மறந்துவிடுங்கள். முழு மேசையும் ஒரே பொத்தானாகிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியும் அப்படித்தான்: பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சு குறுக்கே தகடாக நின்று, நீங்கள் ஒட்டிய இடத்தைத் தனியாக அடையாளம் காட்டாது.

அலுமினிய ஃபாயிலில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. ஒரு சதுரம் வெட்டுங்கள். மேசையின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, ஃபெவிகால் போன்ற பசையை மெல்லிசாகத் தடவி ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்பூனின் முதுகால் நீவிவிடுங்கள். இந்த நீவல் அழகுக்காக அல்ல. ஃபாயிலுக்கும் பலகைக்கும் நடுவே 1 மி.மீ. காற்று நின்றால், அது பலகையின் தடிமனை இரண்டரை மி.மீ. கூட்டியதற்குச் சமம். ஓரிடத்தில் புடைத்து, ஓரிடத்தில் ஒட்டியிருந்தால் மேசையில் கை ஊன்றும்போதெல்லாம் இடைவெளி மாறி, எண் ஆடும். மேசைச் சட்டம் இரும்பு என்றால் ஃபாயிலை அதிலிருந்து ஐந்து செ.மீ.யாவது தள்ளி ஒட்டுங்கள்.

ஃபாயிலில் சால்டர் பிடிக்காது. தாமிர டேப்பில் ஒரு துண்டை ஃபாயிலின் ஓரத்தில் அழுத்தி ஒட்டி, ஒயரை டேப்பில் சால்டர் செய்யுங்கள். டேப்பின் பசை கடத்துகிறதா என்று மீட்டரால் பாருங்கள்; மலிவான டேப்களில் உலோகம் கடத்தும், பசை கடத்தாது. அப்படி இருந்தால் டேப்பின் முனையை உள்பக்கமாக மடித்து, தாமிரம் ஃபாயிலை நேராகத் தொடும்படி வைத்து, மேலே செல்லோடேப்பால் அழுத்திவிடலாம்.

ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஃபாயிலுக்கு மட்டும் உணர்வு இருக்கிறது, ஒயருக்கு இல்லை என்று போர்டுக்குத் தெரியாது, ஒயரும் தகடுதான். ஒரு சாணுக்குள் முடித்துவிட்டு போர்டையே மேசைக்கு அடியில் ஒட்டிவிடுவது என் பழக்கம். இரண்டு உணரிகள் வைத்தால் அவற்றின் ஒயர்களைச் சேர்த்து முறுக்கவோ கட்டவோ வேண்டாம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்றும் எழுந்துகொள்ளும்.

அடுத்தது முழங்கால். மேசைக்கு மேலே கையை உணரும் ஃபாயில், கீழே காலையும் உணரும். அதுவும் கீழே நடுவில் மரம் இல்லை, ஆகவே கால் இன்னும் சுலபமாகப் பிடிபடும். இதற்கு மருந்து: ஃபாயிலின் கீழே 5 மி.மீ. தடிமனில் தெர்மாகோலோ அட்டையோ வைத்து, அதன் அடியில் சற்றுப் பெரிய இன்னொரு ஃபாயிலை ஒட்டி, அதை போர்டின் கிரவுண்ட் (ஜிஎன்டி என்று குறித்த) பின்னோடு இணைத்துவிடுவது. இந்தக் கீழ்த் தகடு காலை மறைத்துவிடும். ஆனால் அடிப்படைக் கெபாசிட்டன்ஸைக் கூட்டிவிடும். டம்ளரில் 48 இருந்த இடத்தில் இங்கே 14 என்று தொடங்கலாம், கை வைத்தால் 12 ஆகலாம். அப்போது 20 சதவீத எல்லை எட்டாது. 8, 4 என்று குறைத்துப் பாருங்கள். நடுவில் வைக்கும் அட்டையை 10 மி.மீ. ஆக்கினாலும் நிலைமை தேறும். இரும்பு பீரோவில் கிளிப்பை மாட்டினால் எண் ஏன் அசைவதே இல்லை என்பதும் இதே காரணத்தால்தான்: ஏற்கெனவே மலையளவு கெபாசிட்டன்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு விரல் சேர்ப்பது கணக்கிலேயே வராது.

மேசையின் மேல் சாப்பாட்டுத் தட்டு வரும், முழங்கை ஊன்றும், பூனை நடக்கும். இவை எல்லாவற்றுக்கும் விளக்கு எரியக் கூடாது. ஆகவே ஒற்றைத் தொடுகையை நம்பாமல், இரட்டைத் தட்டலை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்: 80-க்கும் 500-க்கும் இடைப்பட்ட மில்லி நொடி நீடித்தால் அது ஒரு தட்டல், ஒரு நொடிக்குள் இரண்டு தட்டல் வந்தால் விளக்கு மாறட்டும். ஊன்றிய முழங்கையும் வைத்த தட்டும் அரை நொடியைத் தாண்டிவிடும், தானாகக் கழிந்துவிடும். பூனைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

எதை எரிய வைப்பது? 5 வோல்ட் எல்இடி பட்டை போதும். லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் ஒன்று, அதாவது போர்டின் பின் தரும் சிறிய வோல்ட்டிலேயே திறக்கும் மின்னணு சுவிட்ச். அதன் கேட் என்ற கட்டுப்படுத்தும் காலுக்கு போர்டின் ஒரு பின். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், போர்டு எழும் நேரத்தில் பட்டை தானாக மினுக்காமல் இருக்க. ரிலே போட்டு 230 வோல்ட் விளக்கை இணைக்கும் ஆசை வரும். முதல் திட்டத்தில் வேண்டாம். அதேபோல் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இஸ்திரிப்பெட்டி, மிக்ஸி, மெயின்ஸில் ஓடும் இரும்பு விளக்கு என எதன் உடம்பிலும் கிளிப்பை மாட்டாதீர்கள். உள்ளே எங்காவது இன்சுலேஷன் போயிருந்தால் அந்த 230 வோல்ட் உங்கள் ஒயர் வழியாக லேப்டாப் வரை வரும்.

எண் ஆடிக்கொண்டே இருந்தால்

முதல் சந்தேகம் பவர் சப்ளை மேல்தான். சார்ஜில் இருக்கும் லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவும்போது சிலசமயம் சுருசுருவென்று உணர்ந்திருப்பீர்கள். எர்த் சரியில்லாத பிளக்கில் இது சகஜம். சார்ஜரிலிருந்து கசியும் அந்தச் சிறிய மின்சாரம் போர்டின் கிரவுண்டையே ஆட்டுகிறது. கிரவுண்ட் ஆடினால் அளவீடும் ஆடும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். எண் அடங்கிவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டான். நிரந்தர உபயோகத்துக்குத் தரமான கைபேசி சார்ஜராகப் பார்த்து மாற்றுங்கள். சுவர் சாக்கெட்டின் எர்த் துளையில் நீங்களாக ஒயர் சொருகும் வேலை வேண்டவே வேண்டாம்.

பேட்டரியில் ஓட்டினால் இரைச்சல் குறையும், ஆனால் உணர்வும் குறையும். விரலிலிருந்து உடம்பு, உடம்பிலிருந்து தரை, தரையிலிருந்து போர்டின் கிரவுண்ட் என்று சுற்று மூடினால்தான் நல்ல பதில் வரும். பேட்டரியில் கடைசிக் கண்ணி பலவீனம். கிரவுண்டில் ஒரு பெரிய ஃபாயில் துண்டை இணைத்தால் ஓரளவு ஈடாகும். பவர் பேங்கில் வேறொரு தொல்லை: போர்டு இழுக்கும் மின்சாரம் கொஞ்சமே என்பதால், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து சில பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் பிளைவுட் ஈரத்தை உறிஞ்சும். அடிப்படை மெல்ல இறங்கும், அதை நிரலே பின்தொடர்ந்துவிடும். மேசையில் தண்ணீர் கொட்டினால் மட்டும் எதுவும் செய்வதற்கில்லை. துடைத்துவிட்டு அரை நிமிஷம் காத்திருங்கள்.

துணியில் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு

கடத்தும் நூல் என்று தனியாக விற்கிறார்கள், விலை அதிகம். வீட்டில் பழைய பட்டுப் புடவை இருந்தால் முதலில் அதன் ஜரிகையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். பட்டு நூலின் மேல் உலோக இழை சுற்றிய ஜரிகை கடத்தக்கூடும். பிளாஸ்டிக் ஜரிகை கடத்தவே கடத்தாது. 1990-களில் எம்ஐடி மீடியா லேபில் மேகி ஆர்த், ரெமி போஸ்ட் ஆகியோர் துணியிலேயே கீபோர்டு செய்தபோது எடுத்துக்கொண்டது தாமிர இழை சுற்றிய பட்டு ஆர்கன்ஸா என்ற மெல்லிய துணி. இந்தியத் தறிகளில் நெடுங்காலமாக நெய்யப்பட்டுவரும் ரகம் அது. பிறகு 2017-இல் கூகுளும் லீவைஸும் சட்டைக் கையின் துணியைத் தொட்டால் பாட்டு மாறும் ஜீன்ஸ் ஜாக்கெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தன. அம்மாவின் முகூர்த்தப் புடவையை வெட்டச் சொல்லவில்லை. கிழிந்துபோன ஒன்றின் கரை போதும்.

தொட்டார்களா இல்லையா என்பதோடு நில்லாமல் எப்படித் தொட்டார்கள் என்றும் அறிய ஒரு வழி உண்டு. 2012-இல் டிஸ்னி ஆய்வகமும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ‘டூஷே’ என்ற ஆய்வில், ஒரே அதிர்வெண்ணில் அளக்காமல் 1 கிலோ ஹெர்ட்ஸ் முதல் 3.5 மெகா ஹெர்ட்ஸ் வரை வரிசையாக ஏற்றிக்கொண்டே போய் அளந்தார்கள். ஒரு விரல், இரு விரல், முழுப் பிடி என ஒவ்வொன்றுக்கும் வரைபடம் வேறு வடிவத்தில் வந்தது. ஒற்றை ஒயர் இணைத்த கதவுக் குமிழ், தன்னை எப்படிப் பிடித்தார்கள் என்று சொன்னது. இஎஸ்பி32-இன் தொடு பின்களைக் கொண்டு இதைச் செய்ய முடியாது. தனிச் சுற்று வேண்டும். இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வழிகள், சுருக்கமாக

ஒரே ஒரு பொத்தான்தான் வேண்டும், நிரல் எழுத விருப்பமில்லை என்றால் டிடிபி223 என்ற நகம் அளவுச் சிப் போர்டு சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். 2 முதல் 5.5 வோல்ட் வரை எதில் கொடுத்தாலும் ஓடும்; அடிப்படையை அதுவே சரிசெய்துகொள்ளும். மெல்லிய மரம், கண்ணாடிக்குப் பின்னால் வைக்க இது போதும். பன்னிரண்டு பொத்தான் வேண்டுமென்றால் எம்பிஆர்121. இதற்கு 3.3 வோல்ட்தான், 5 கொடுத்தால் போய்விடும்.

வீட்டில் ஆர்டுயினோ ஊனோ மட்டும் இருந்தால், கெபாசிட்டிவ் சென்சர் என்ற நூலகமும் இரண்டு பின்களுக்கு நடுவே 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் போதும். அந்த ரெசிஸ்டரை 10 மெகா ஓம் ஆக்கினால் கை தொடுவதற்கு முன்பே, நாலைந்து அங்குலத்தில் உணர ஆரம்பிக்கும். வாழைப்பழ பியானோவால் பிரபலமான மேக்கி மேக்கி வேறு ஜாதி: எம்ஐடி மீடியா லேபிலிருந்து வந்து 2012-இல் பொதுமக்களிடம் திரட்டிய நிதியில் வெளியானது. அது கெபாசிட்டன்ஸை அளப்பதில்லை. உடம்பு வழியாகச் சுற்று மூடுகிறதா என்று பார்க்கிறது. அதனால் ஒரு கையில் கிரவுண்ட் ஒயரைப் பிடித்தபடியே வாசிக்க வேண்டும். பள்ளி வகுப்பறைக்கு அருமையான சாதனம். மறைவான சுவிட்சுக்கு உதவாது.

எந்த வழியில் செய்தாலும், நிரந்தரமாக ஒட்டும் முன் இன்னொரு வேலை பாக்கி. போர்டை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, எல்இடி பட்டையைக் கழற்றிவிட்டு, எண்களை மட்டும் ஒரு முழு நாள் கணினியில் பதிவாகவிடுங்கள். அதே மேசையில் வழக்கம்போல் சாப்பிடுங்கள், எழுதுங்கள், மின்விசிறியையும் ஏசியையும் போட்டு அணையுங்கள். மறுநாள் அந்தக் கோட்டைப் பார்த்து எல்லைகளை முடிவு செய்யுங்கள். ஒட்டுவதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.